அண்ணன் வண்டி ஓட்டிய சாலை

ஆகஸ்ட் 7, 2023, திங்கள் – ஸ்ரீநகர்

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர் இதைச் சொன்னார். என்னுடையது ப்ரீபெய்ட், வீட்டுக்காரருடையது போஸ்ட்பெய்ட். ஆக, ஊர் திரும்பும்வரை யாருடன் பேச வேண்டுமானாலும் அவரிடம் கைநீட்டி நிற்க வேண்டும். அவர் முகத்தில் அப்போது பரவிய திருப்தியை இங்கே பதிவு செய்து வைக்கிறேன்.

தால் ஏரியைப் பற்றியும் ஷிகாரா படகுகளைப் பற்றியும் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாங்கள் வந்தது ஒரு சாலைக்காக. 1999-இல் என் அண்ணன் ராணுவத்தில் ஏ.எஸ்.சி. டிரைவர். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், வெடிபொருள் என்று முன்னால் நிற்பவர்களுக்கு வேண்டியதையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பிரிவு அது. கார்கில் போர் நடந்த மே மாதம் தொடங்கி, பனி விழுந்து கணவாய் மூடும்வரை அவன் வண்டி ஓட்டியது ஸ்ரீநகரிலிருந்து ஜோஜிலா கணவாய், திராஸ் வழியாகக் கார்கில் போகும் சாலையில்தான். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு.

அப்பா பெயருக்கு வரும் கடிதத்தில் நாலு வரி இருக்கும். நலம், நலமறிய ஆவல், பணம் அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததும் தெரிவிக்கவும். எனக்கு வருபவை மட்டும் மடிக்கும் ஓரம்வரை எழுத்து நிரம்பியிருக்கும். அனுப்புநர் முகவரியில் ஊரே கிடையாது. எண், பதவி, பெயர், பிரிவு, அடியில் '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவ அஞ்சலகக் குறியீடு, அவ்வளவுதான். காஷ்மீரில் இருப்பவனுக்கும் ராஜஸ்தான் மணலில் இருப்பவனுக்கும் அதே 56 ஏ.பி.ஓ. என்பதால், அண்ணன் இருக்கும் இடத்தை நாங்கள் தூர்தர்ஷன் செய்தியைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஊகிப்போம்.

கடிதங்களில் இருந்தது என்ன? ஆறு, ஆடு, சாப்பாடு, வளைவுகள், எழுந்து நின்று விசில் அடிக்கும் ஒரு பிராணி, ஒரு விடுகதை. போர் இல்லவே இல்லை. ஒரு சிறுபெண்ணைச் சமாதானப்படுத்தக் கட்டிய கதைகள் இவை என்று வளர்ந்த பிறகு நானாகவே முடிவு கட்டியிருந்தேன். கதையா, நிஜமா என்று ஒருமுறை பார்த்துவிட ஆசை. மூலக் கடிதங்கள் மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டதால் நகல் எடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

விடுகதை இது: 'இரவெல்லாம் எனக்கு முன்னால் ஓடும். வெள்ளையாக, உருண்டையாக இருக்கும். நெருங்கினாலும் ஆபத்து, விட்டுவிட்டாலும் ஆபத்து. அது என்ன, பாப்பா?' நிலா என்று பதில் எழுதினேன். அடுத்த கடிதத்தில், 'நிலா இல்லை. இருந்தாலும் பாதி மதிப்பெண் போடுகிறேன்' என்றிருந்தது. விடை வரவில்லை. அவன் விடுப்பில் வந்தபோது யாருக்கும் விடுகதை நினைவில் இல்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய் – சோன்மார்க்

காலையில் தெருமுனை ரொட்டிக்கடையில் சுடச்சுட கிர்தா, பத்து ரூபாய். பக்கத்திலேயே நூன் சாய், உப்புப் போட்ட இளஞ்சிவப்புத் தேநீர். வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, மேஜையிலிருந்த சர்க்கரையை அள்ளி அதில் போட்டார். கடைப் பையன் ஒன்றும் பேசவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு, வேறொரு கோப்பையில் நம்மூர் மாதிரிச் சர்க்கரைத் தேநீர் கொண்டுவந்து வைத்தான். கொட்டியதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டான். நான் நூன் சாயை முழுவதும் குடித்தேன். மூன்றாவது வாயில் பிடித்துவிடுகிறது.

வாடகை வண்டி ஓட்டுபவர் கங்கன் ஊர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நாங்கள் 'பாய்' என்றோம், அவர் என்னை 'பஹன்ஜி' என்றார். தட்சிண பாரத இந்திப் பிரசார சபாவில் ராஷ்ட்ரபாஷா வரை எழுதிப் பெற்ற என் இந்தி, இத்தனை ஆண்டுகள் கழித்து முதல் தடவையாகச் சோறு போட்டது. அவர் பேசியதில் முக்கால்வாசி புரிந்தது. நான் பேசியது அவருக்கு எவ்வளவு புரிந்தது என்பதை அவர் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை.

சிந்து என்ற பெயரிலேயே இங்கே இன்னொரு ஆறு ஓடுகிறது. பெரிய சிந்து வேறு, இது ஜீலத்தில் கலக்கும் சின்னது. 'தண்ணீர் பச்சையாக இருக்கிறது, பாலைக் கொஞ்சம் ஊற்றிக் கலக்கியதுபோல' என்று அண்ணன் எழுதியிருந்தது இதைத்தான் என்று கங்கனைத் தாண்டியதும் தெரிந்துவிட்டது. பனிமலை அரைத்துக் கொடுத்த கல்மாவுதான் அந்தப் பால்.

அமர்நாத் யாத்திரை நடக்கும் மாதம். யாத்திரை முகாமான பால்டால் போகும் வண்டிகளுக்குப் பாதுகாப்பு அதிகம் என்பதால் வழிநெடுகச் சோதனை. சோன்மார்க்கில் குதிரைக்காரர்கள் வண்டியின் கண்ணாடியைத் தட்டித் தட்டியே விலை சொன்னார்கள். மழை வேறு. ஒரு சுமாரான அறைக்கு நாலாயிரம் கேட்டார்கள். குழாயில் வந்த தண்ணீர் எலும்பைத் தொட்டது. வெந்நீர் கேட்டால் 'ஏழு மணிக்கு' என்றார்கள், எந்த ஏழு என்று சொல்லவில்லை. இரவுக்கு ராஜ்மாவும் சோறும், 180 ரூபாய். வீட்டுக்காரர் கணக்கு நோட்டில் அதை அடிக்கோடிட்டார்.

ஆகஸ்ட் 9, புதன் – ஜோஜிலா, திராஸ்

'ஏலகிரிப் பதினாலு வளைவில் நீ எத்தனை தடவை வாந்தி எடுத்தாய் என்று நினைவிருக்கிறதா? இங்கே வந்தால் உனக்குக் குடலே வெளியே வந்துவிடும்.' இது ஜூன் மாதக் கடிதம்.

வாந்தி எடுத்தது நானில்லை, வீட்டுக்காரர். சோன்மார்க்கில் போக்குவரத்துப் போலீசார் எதிர்ப்பக்க வண்டிகளை இறங்கவிட்டுப் பிறகுதான் எங்களை ஏறவிட்டார்கள். பால்டாலுக்கு மேலே சாலை மலைச்சுவரில் கீறிய கோடாக ஏறுகிறது. தார் இல்லை. மழையில் ஊறிய சேறு, அதில் சக்கரத்தடம், அந்தத் தடத்துக்கு ஓரடி தள்ளிப் பள்ளம். தடுப்புச்சுவர் தேடாதீர்கள். கீழே பால்டால் கூடாரங்கள் நீலமும் மஞ்சளுமாக, சிதறிய மாத்திரைகள் அளவுக்குத் தெரிந்தன. அவர் அதைப் பார்த்ததுதான் தப்பாகப் போயிற்று. பாய் சேற்றின் நடுவில் வண்டியை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, கிராம்பு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். பின்னால் வரிசையாக நின்ற லாரிகளில் ஒருவர்கூட ஒலிப்பான் அடிக்கவில்லை. நம்மூரில் இதை எதிர்பார்க்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன்.

கணவாய் 3,528 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே 1948 நவம்பர் முதல் தேதி இந்திய ராணுவம் டாங்கிகளை ஏற்றிக் கொண்டுவந்து பாகிஸ்தான் தரப்பைத் திகைக்க வைத்தது. டாங்கி ஏறும்படி பாதையை வெட்டிச் சீர்செய்தவர்கள் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சேப்பர்ஸ், அதாவது நம் பக்கத்து ஆட்கள். இதை நான் வீட்டுக்காரரிடம் விளக்கியபோது அவர் கண்களை மூடிக்கொண்டு கிராம்பைச் சுவைத்துக்கொண்டிருந்தார். கீழே மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், 13 கிலோமீட்டருக்கும் மேல். அது முடிந்தால் இந்தச் சேறு யாருக்கும் வாய்க்காது.

கும்ரியைத் தாண்டி இறங்கும்போது ராணுவ வண்டித்தொடர் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டோம். முந்த வழியில்லை. கடைசி லாரியின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே நத்தை வேகத்தில் போனோம். பார்க்க வேறொன்றும் இல்லாததால் அதையே பார்த்தேன். பச்சை வண்டி, பச்சைத் தார்ப்பாய், சேறு. அடியில், பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே, அச்சில் புடைத்து நிற்கும் இரும்பு உருண்டைக்கு மட்டும் வெள்ளை அடித்திருந்தார்கள். சேறு தெறித்தும் அந்த வெள்ளை பளிச்சென்று இருந்தது. அதற்கு நேர்மேலே ஒரு சின்ன விளக்கு, கீழ்நோக்கி.

"இது எதற்கு பாய்?"

"டிஃபரன்ஷியல். ராணுவ வண்டி எல்லாவற்றிலும் வெள்ளை அடித்திருப்பார்கள். ராத்திரியில் முன்விளக்கு போடாமல் போகும்போது, அந்தச் சின்ன விளக்கு மட்டும் எரியும். வெளிச்சம் உருண்டை மேலே விழும். பின்னால் வருகிறவன் அதைப் பார்த்தே ஓட்டுவான். மேலே இருக்கிற எதிரிக்குத் தெரியாது."

நெருங்கினால் முன்வண்டியில் மோதும். விட்டுவிட்டால் வழி தெரியாது, பள்ளம்தான். என் பாதி மதிப்பெண்ணுக்கு மீதிப் பாதி அந்தச் சேற்றில் கிடைத்தது.

பாய் அதோடு நிறுத்தவில்லை. 1999-இல் அவர் சரக்கு லாரியில் கிளீனர். ராணுவம் சாமான் ஏற்றத் தனியார் லாரிகளையும் வாடகைக்கு எடுத்திருந்தது. திராஸுக்கு முன்னால் இருட்டும்வரை நிறுத்தி வைப்பார்களாம். எதிரி பிடித்திருந்த டோலோலிங் உச்சியிலிருந்து பார்த்தால் சாலை உள்ளங்கை ரேகை. விளக்கு தெரிந்தால் சில நிமிடங்களில் குண்டு வரும் என்றார். 'எங்களுக்கு எப்போதும் இரவுப் பணிதான். பகலில் நன்றாகத் தூங்குகிறேன். வெயிலே படுவதில்லை, கொஞ்சம் நிறம் கூடியிருக்கிறேன்' என்று ஒரு கடிதத்தில் இருக்கிறது. அம்மா அதைக் கேட்டுச் சிரித்தாள். நிறம் கூடுவதாவது, பிறவிக் கறுப்பு என்றாள்.

மினாமார்க் சோதனைச்சாவடியில் அடையாள அட்டைகளைக் காட்டிவிட்டு வெளியே வந்தால், புல்வெளியில் பூனையைவிடப் பெரிதாக, காவியும் கறுப்புமாய் ஒன்று வளையின் வாசலில் எழுந்து நின்றது. முன்கால்களை மார்பில் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது. பிறகு காதைத் துளைக்கும் ஒரு கீச்சொலி, அவ்வளவுதான், வளைக்குள் போய்விட்டது. மர்மாட். 'தின்று கொழுத்த அணில் ஒன்று எழுந்து நின்று விசில் அடிக்கிறது. எங்கள் சுபேதாரைப் பார்த்துக்கூட அடிக்கிறது.' எங்கள் வகுப்பில் இதைச் சொல்லி நான் வாங்கிய கேலி கொஞ்சமல்ல. இருபத்து நாலு வருடம் கழித்து வழக்கில் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு.

மடாயனுக்கு அப்புறம் சாலை அருமை. திராஸ் சின்னக் கடைத்தெரு. உலகில் மக்கள் வாழும் இடங்களில் குளிரில் இரண்டாவது என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆகஸ்டிலேயே மாலை ஐந்து மணிக்குக் கம்பளி தேவைப்பட்டது. அறை 1,500. மின்சாரம் வந்து வந்து போயிற்று. விடுதிக்காரர் இரண்டு வாளி வெந்நீரைத் தானே மாடிக்குத் தூக்கி வந்தார். கூலி கொடுக்கப்போனால், "முதல் தடவை வருகிறீர்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்காரரின் போனில் அண்ணனைப் பிடித்தேன். டிஃபரன்ஷியல் என்றேன். யாரோ இறந்துவிட்டார்கள் என்று சொன்னதைப்போல ஒரு நொடி பேசாமல் இருந்தான். அப்புறம் சிரித்தான்.

"கண்டுபிடித்துவிட்டாயா? சரி, ஜோஜிலாவில் என்ன கியரில் இறங்கினான் உன் டிரைவர்?"

"எனக்கென்ன தெரியும்?"

"செகண்டில் இறங்கவேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகிவிடும். போகும்போது பார்த்துச் சொல்."

போரைப் பற்றி ஏதாவது கேட்பதற்குள், மடாயனில் இப்போதும் டீக்கடை இருக்கிறதா என்றான். இருக்கிறது என்றேன். அது போதும் அவனுக்கு.

ஆகஸ்ட் 10, வியாழன் – திராஸ்

தலைவலி. இருவருக்கும். திராஸ் கிட்டத்தட்ட 3,300 மீட்டர். மெதுவாக நட, நிறையத் தண்ணீர் குடி என்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. காலையில் பூண்டு சூப் என்று ஒன்று கொடுத்தார்கள். குடித்ததும் தலைவலியோடு பூண்டு ஏப்பமும் சேர்ந்துகொண்டது.

கார்கில் போர் நினைவிடம் கடைத்தெருவிலிருந்து கார்கில் பக்கம் சில கிலோமீட்டர். நுழைவுக்குக் கட்டணம் இல்லை, அடையாள அட்டை போதும். பின்னால் டோலோலிங் தலைக்கு மேல் நிற்கிறது. இவ்வளவு பக்கத்திலா என்பதுதான் முதலில் தோன்றியது. படங்களில் பார்த்தபோது எங்கோ தூரத்து மலை என்று நினைத்திருந்தேன். இளம் ராணுவவீரர் ஒருவர் கூட்டத்தை நிறுத்திவைத்து விரலால் காட்டிக் காட்டிச் சொன்னார்: அது டோலோலிங், ஜூன் 13-இல் மீட்டது, அதோ கூரான உச்சி டைகர் ஹில், ஜூலை 4. மரம் இல்லை, புதர் இல்லை, மறைய ஒரு கல் இல்லை. இந்தச் சரிவில் கீழிருந்து மேலே, அதுவும் இரவில் ஏறியிருக்கிறார்கள். 527 பேர் திரும்பவில்லை. அவர் பேசும்போதே என் பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் செல்பேசியில் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீரர் பேச்சை நிறுத்தி, அவர்களைப் பார்த்துக் காத்திருந்தார். கோபமே படவில்லை. காத்திருந்தார், அவ்வளவுதான். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

சுவரில் மேஜர் மாரியப்பன் சரவணன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தோம். பிகார் ரெஜிமெண்ட், மே 29, படாலிக் பகுதி. போர் தொடங்கிய நாட்களிலேயே போனவர். அவர் உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. திருச்சியில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்த ஜூலையில் எங்கள் தெருவில் யாரும் உரக்கப் பேசவில்லை, குறிப்பாக எங்கள் வீட்டு வாசலில்.

அதே போரில் இறந்த கேப்டன் மனோஜ் பாண்டே பெயரிலான காட்சிக்கூடத்தில் கேப்டன் விஜயந்த் தாப்பரின் கடைசிக் கடிதம் இருக்கிறது. ராஜபுதானா ரைஃபிள்ஸ், 22 வயது, ஜூன் 29-இல் இங்கே பக்கத்து முகட்டில் இறந்தார். தான் திரும்பாவிட்டால் மட்டும் சேரவேண்டும் என்று எழுதிவைத்த கடிதம். அப்பா, அம்மா, பாட்டியோடு தம்பியையும் செல்லப்பெயர் சொல்லி விளித்திருக்கிறார். அநாதை இல்லத்துக்குக் கொஞ்சம் பணம் கொடுக்கச் சொல்கிறார். ஒரு சிறுமிக்கு மாதம் ஐம்பது ரூபாய் கொடுத்துவரச் சொல்கிறார். ஐம்பது ரூபாய் என்று தொகையைக் குறித்திருப்பதுதான் என்னை நிறுத்தியது. நாளைக்குத் தான் இருக்கப்போவதில்லை என்று ஏறக்குறைய தெரிந்தவன் மாதக்கணக்கை ஒப்படைத்துவிட்டுப் போகிறான்.

அண்ணனும் இப்படி ஒன்று எழுதி வைத்திருந்தானா? கேட்கத் துணியவில்லை. ஆனால் அவனுடைய ஜூலைக் கடிதத்தில் ஒரு வரி முழுவதும் மையால் அடிக்கப்பட்டிருக்கிறது. ராணுவக் கடிதங்களை அதிகாரிகள் படித்துத் தணிக்கை செய்வார்கள் என்று அப்பா சொன்னார். நான் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தேன், தாளைத் திருப்பிப் பின்பக்கம் தடவிப் பார்த்தேன். 'மு' என்று தொடங்குகிறது என்பதற்குமேல் ஒன்றும் பிடிபடவில்லை. அதன் நகல் பையில் இருந்தது. கூடத்திலிருந்து வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். நகலில் இன்னும் மோசம், கன்னங்கரேல்.

மதியம் கடைத்தெருவில் மோமோ, ஒரு தட்டு 100 ரூபாய். கடைக்காரப் பெரியவர் திராஸ்காரர். போரின்போது ஊரைவிட்டு வெளியேறி, வந்து பார்த்தபோது வீட்டின் ஒரு சுவர்தான் மிச்சம் என்றார். மோமோவில் காரம் கூடவா, குறைத்தா என்று கேட்ட அதே குரலில் அதையும் சொன்னார்.

ஆகஸ்ட் 11, வெள்ளி – கார்கில்

திராஸ் ஆற்றோடு இறங்கும் சாலை. கக்சர் பக்கம் 'நீங்கள் எதிரியின் பார்வையில் இருக்கிறீர்கள்' என்ற பொருளில் எச்சரிக்கைப் பலகை. வீட்டுக்காரர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

கார்கில் சூடு. திராஸில் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் தூக்கவேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை என்பதால் மதியத் தொழுகை முடியும்வரை கடைகள் அடைப்பு. பசியோடு சூரு நதிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். மொஹரம் துக்க நாட்கள் இன்னும் முடியவில்லை, தெருவெங்கும் கறுப்புக் கொடிகள். லடாக் என்றால் எல்லோரிடமும் 'ஜுலே' சொல்லவேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு வந்திருந்தேன். இங்கே பெரும்பாலும் ஸலாம்தான். ஒரு பாட்டி என் ஜுலேயை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஸலாம் சொல்லி, கையில் நாலு பழத்தை வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பழம்தான் சூலி. ஆப்ரிகாட். 'நம்மூர் மாம்பழத்தை விடாமல் நினைக்கிறவனுக்கும் இது பிடிக்கும். பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை உடைத்தால் உள்ளே பருப்பு. ஒரு பழத்துக்கு இரண்டு தீனி. அனுப்பினால் அழுகிவிடும், அதனால் எழுதி அனுப்புகிறேன்.' சரியாகத்தான் எழுதியிருக்கிறான். விரலால் பிரித்தால் கொட்டை தனியாக வந்துவிடுகிறது, சாறு மணிக்கட்டுவரை வழிகிறது. கிலோ நூறு ரூபாய்க்கு வாங்கி ஆற்றங்கரையிலேயே தீர்த்தோம். கொட்டைகளைக் கல்லால் உடைக்க வீட்டுக்காரர் முயன்றார். கட்டைவிரல் நகம் கறுத்தது.

இரவு அண்ணனே கூப்பிட்டான். பழத்தைப் பற்றிப் பேசினோம். பேச்சோடு பேச்சாக அந்த அடித்த வரியைக் கேட்டேன்.

"அது ஆபீசர் அடித்ததில்லை. நான் அடித்தது."

"என்ன எழுதியிருந்தாய்?"

"முட்டை கிடைக்கவில்லை என்று எழுதினேன். அம்மா வருத்தப்படுவாளே என்று அடித்துவிட்டேன்."

முட்டை. அந்த வரி மையில் முங்கி, தாள் கிழியும் அளவுக்குத் திரும்பத் திரும்ப அடிக்கப்பட்டிருக்கிறது. ஒரு முட்டைக்காகவா? அவன் பிரிவில் கூட ஓட்டியவன் ஒருவன் இருந்தான், மதுரைக்காரன். மே மாதக் கடிதத்திலும் ஜூன் கடிதத்திலும் பெயரோடு வருகிறான். பெயரின் முதல் எழுத்தும் 'மு'தான். அதற்குப் பிறகு வரவில்லை. நான் அதைச் சொன்னேன். "வேறு யூனிட்டுக்கு மாறிப் போனான்" என்றான் அண்ணன். பிறகு, வீட்டுக்காரரிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். இருவரும் வெகுநேரம் டயர் தேய்மானம் பற்றிப் பேசினார்கள்.

ஆகஸ்ட் 12, சனி – ஹுந்தர்மான்

கார்கிலிலிருந்து மலையேறினால் பத்து கிலோமீட்டருக்குள் ஹுந்தர்மான். 1971 போரில் எல்லைக்கோடு நகர்ந்தபோது இந்தியப் பக்கம் வந்த கிராமம். பழைய ஊர் இப்போது காலி. சரிவில் ஒன்றின் கூரை அடுத்ததன் முற்றமாக அடுக்கிய கல்வீடுகள். அதில் ஒரு வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். விறகடுப்பு, மரப்பாத்திரங்கள், பழைய நாணயங்கள், வயலில் பொறுக்கிய குண்டுச் சிதறல்கள், கடிதங்கள்.

கோடு விழுந்த இரவில் அந்தப் பக்கம் இருந்தவர்கள் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். அவர்கள் எழுதியவை இவை. உருது எழுத்து, காட்டிய பையன் ஒன்றைப் படித்து இந்தியில் சொன்னான். ஆடு எத்தனை குட்டி போட்டது, வாசல் மரம் காய்க்கிறதா, யாருக்குக் கல்யாணம். நான் சிரித்துவிட்டேன். பையன் தவறாக எடுத்துக்கொள்ளப்போகிறானே என்று, என் பையிலிருந்த நகல்களை எடுத்துக் காட்டினேன். அவனுக்குத் தமிழ் எழுத்தைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது, வட்டம் வட்டமாக என்றான். படித்துக் காட்டச் சொன்னான். மர்மாட் கடிதத்தைப் படித்துச் சொன்னேன். "சுபேதாரைப் பார்த்துமா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அங்கே வந்திருந்த வேறு இரண்டு குடும்பங்களுக்கும் அதை அவனே சொல்லிக் காட்டினான். என் அண்ணன் எல்லைக்கோட்டில் பிரபலமாகிவிட்டான்.

மேலே ஓரிடத்தில் நின்றால் பாகிஸ்தான் பக்கத்து ஊர் புரோல்மோ தெரிகிறது. பச்சை வயல், சில கூரைகள். தொலைநோக்கி வைத்துக்கொண்டு ஒருவர் காசு வாங்குகிறார். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அங்கேயும் துணி காயப் போட்டிருக்கிறார்கள்" என்றார். வேறென்ன எதிர்பார்த்தார் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு – திரும்பும் வழி

சுதந்திர தினம் நெருங்குவதால் சாவடிக்குச் சாவடி சோதனை. மதியம் ஒரு மணிக்கு மினாமார்க் வந்தோம். ஜோஜிலாவில் பாறை விழுந்திருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சிப்பாய் வானத்தைக் காட்டினார்.

ஏழு மணிநேரம். முன்னால் நின்ற சுமோவில் கார்கில் குடும்பம் ஒன்று, ஸ்ரீநகர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். அந்த அம்மாள் குல்ச்சாவைத் துணியில் கட்டிவைத்திருந்தார். வண்டி வண்டியாக நடந்து வந்து கொடுத்தார். நாங்கள் ஊருக்கென்று வாங்கிய உலர்ந்த சூலியைப் பிரித்து அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். கார்கில் பிள்ளைகளுக்குக் கார்கில் பழம்! கடைசியில் கொட்டைப்பருப்புப் பொட்டலம் மட்டும் மிஞ்சியது. மர்மாட்டுகள் அன்று ஒன்றுகூட வெளியே வரவில்லை, மழை.

எட்டு மணிக்கு மேல் விட்டார்கள். கும்மிருட்டில் ஜோஜிலா. முன்னால் போன லாரிகளின் சிவப்பு விளக்குகள் வளைவுக்கு வளைவு மறைந்து மறைந்து தெரிந்தன. வீட்டுக்காரர், கிராம்பை இந்தத் தடவை முன்கூட்டியே அடக்கிக்கொண்டவர், திடீரென்று முன்பக்கம் குனிந்து, "பாய், ஒரே ஒரு நிமிடம் விளக்கை அணையுங்களேன், மச்சான் எப்படி ஓட்டினார் என்று பார்க்கலாம்" என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

பாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்கள் மச்சானுக்குச் சம்பளம் கொடுத்தார்கள், அதனால் ஓட்டினார். எனக்கு நீங்கள் கொடுப்பது அதற்கில்லை" என்றார். கியரைப் பார்த்தேன். செகண்ட்தான். அண்ணனிடம் சொல்லவேண்டும்.

பதினொன்றரைக்குச் சோன்மார்க். நாலாயிரம் கேட்ட அதே விடுதியில் இந்த நேரத்துக்கு இரண்டாயிரம் என்றார்கள். வீட்டுக்காரர் ஆயிரத்து ஐந்நூறில் நின்றார். ஆயிரத்து எழுநூறுக்கு முடிந்தது, வெந்நீர் உட்பட.